ரெண்டு மணிக்குப் பேர் மாறும் மெஷின்

எங்கள் தொழிலில் பாதி நேரம் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொல்வதில் போகும். மீதி நேரம், எந்த மெஷினை ஆஃப் பண்ணினார்கள் என்று கண்டுபிடிப்பதில் போகும். கம்ப்யூட்டர் பராமரிப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பேர் உண்டு, ஹோஸ்ட்நேம் என்போம். ஒரே கட்டிடத்தில் இருக்கும் மெஷின்கள் ஒன்றையொன்று அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்ளும். லினக்ஸ் மெஷினில் ஒரு வரி அடித்தால் பேர் வைத்தாயிற்று. அவ்வளவு சுலபமான வேலையில் நான் மூன்று மாதம் பட்ட பாடுதான் இது.

நான் யோகலட்சுமி, தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். வீட்டுக்காரருக்கு இங்கேயே ஃபேக்டரியில் வேலை. என் பெண் என்னைக் கண்விழித்திருக்கும்போது பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் நான் அவளுக்கு வந்து போகும் விருந்தாளி. அது எனக்கு வலித்தது. அதனால் ஊரிலேயே பிழைக்க முடியுமா என்று பார்க்க, கம்பெனியில் சம்பளமில்லாத விடுப்பு வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

கிடைத்தது ஊரிகத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். நடத்துபவர் ஷைலஜா டாக்டர், பங்காருபேட்டைக்காரர், வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். "மூணு மாசம் இங்க ஒழுங்கா ஓடட்டும். ஓடிச்சுன்னா சாம்பியன் ரீப்ஸ், பங்காருபேட்டை ரெண்டு லேபும் உங்ககிட்டயே தர்றேன்" என்றார். மூன்று லேப் இருந்தால் குடும்பம் நடக்கும். ஒன்றே ஒன்றென்றால் மறுபடி ரயில்தான்.

மூன்று பேருக்கு ஒரே பேர்

லேபில் மூன்று மெஷின்கள். வரவேற்பில் ஒன்று, ரத்தம் எடுக்கும் அறையில் ஒன்று, பிரின்டர் மாட்டியிருக்கும் ரிப்போர்ட் அறையில் ஒன்று. எனக்கு முன் இருந்தவர் ஒரு மெஷினைத் தயார் செய்து, அதன் டிஸ்கை அப்படியே மற்ற இரண்டுக்கும் நகல் எடுத்திருந்தார். நகலோடு பேரும் போய்விட்டது. மூன்றுக்கும் 'லேப்' என்றே பேர்.

ஒரே பேரில் மூன்று மெஷின் இருந்தால் அவை சண்டை போடாது, அதுதான் வினை. முதலில் எழுந்தது பேரை வைத்துக்கொள்ளும். அடுத்தது தானாகவே லேப்-2 என்று போட்டுக்கொள்ளும். மூன்றாவது லேப்-3 ஆகும். அதாவது காலையில் யார் எந்தப் பொத்தானை முதலில் அமுக்குகிறார்களோ அதைப் பொறுத்து அன்றன்றைக்கு முறை மாறும். இது தெரியாமல், முதல் வாரத்தில் வீட்டிலிருந்தபடியே ரத்த அறை மெஷினை ரீஸ்டார்ட் செய்கிறேன் என்று லேப்-2வை ரீஸ்டார்ட் செய்தேன். நேற்று லேப்-2 ரத்த அறைதான். இன்று அது வரவேற்பு. உடனே போன் வந்தது. காலை ஷிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வசந்தா. என்னைவிடச் சின்னவள், எதற்கும் பதறாதவள்.

"அக்கா, நீங்க ஆஃப் பண்ணது என்னோடத. பரவால்ல, நானே டீ குடிக்கப் போலாம்னு சாக்கு தேடிகினு இருந்தேன்."

பேர் சூட்டும் வைபவம்

மெஷினுக்கு ஒரு பேர் வைக்க வேண்டும் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், லேபே கூடிவிட்டது. மதிய ஷிஃப்ட்டைப் பார்க்கும் தாமோதரனும் அன்று முன்னதாகவே வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், குரலை உயர்த்தாத மனிதர். சட்டைப் பையில் பேனா நிற்கும் கோணம்கூட மாறாது. வசந்தா தன் மெஷினுக்குப் பூப் பேர் கேட்டாள். டாக்டர் எல்லாவற்றுக்கும் தன் குலதெய்வத்தின் முழுப் பேரைக் கேட்டார், முன்னால் ஸ்ரீயும் பின்னால் பிரசன்னாவும் சேர்த்து.

நான் சட்டத்தைச் சொன்னேன். ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஒரு சின்னக் கோடு, இவ்வளவுதான் செல்லும். இடைவெளி கூடாது. புள்ளி கூடாது, புள்ளி வைத்தால் அதற்கு வேறு அர்த்தமாகிவிடும். அடிக்கோடு கூடாது. தமிழும் கன்னடமும் இங்கே செல்லாது. சின்னதாக இருக்கட்டும், என்றைக்கும் மாறாததாக இருக்கட்டும். கடைசியில் எந்த அறையோ அந்த அறையின் பேரையே வைத்தோம்: ஃப்ரன்ட், பிளட், ரிப்போர்ட். மற்றவர்கள் ஏமாந்த முகத்தோடு கலைந்தார்கள். தாமோதரன் மட்டும் "புள்ளி கூடாது, எடம் வுடக்கூடாது" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு அக்கறை என்று அப்போது சந்தோஷப்பட்டேன். டாக்டருக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"ஹௌதா, அப்படியா? சாமி பேர ஏத்துக்காத மெஷினு, சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் கரெக்டா சொல்லிடுமா?"

தன்னையே தெரியாத மெஷின்

பேர் மாற்றியவர்களுக்கெல்லாம் இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும். ரிப்போர்ட் மெஷினுக்குப் புதுப் பேர் வைத்தேன், ஏற்றுக்கொண்டது. அடுத்த கட்டளையைக் கொடுத்ததும் சற்று நேரம் யோசித்துவிட்டு, 'ரிப்போர்ட் என்ற மெஷினைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று எழுதிற்று. அதன் பேரே ரிப்போர்ட்! விஷயம் இதுதான். பேர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஹோஸ்ட்நேம் என்ற கோப்பு அதன் பேரைச் சொல்கிறது. ஹோஸ்ட்ஸ் என்ற இன்னொரு கோப்பு அந்தப் பேர் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்கிறது. முதல் இடத்தில் மாற்றி இரண்டாவதில் விட்டால், ஆதாரில் பேரை மாற்றிவிட்டு ரேஷன் கார்டில் மாற்றாமல் விட்ட கதைதான்.

பக்கத்தில் நின்ற தாமோதரன் எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்தார். "அந்த ரெண்டு எடத்தையும் இன்னொரு வாட்டி காட்டுங்க மேடம்" என்றார். காட்டினேன். கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. பிரின்டர் மக்கர் பண்ணினால் சரிசெய்ய வேண்டும் என்பதற்காக ஷிஃப்ட் பொறுப்பாளர்கள் இருவருக்கும் பாஸ்வேர்டையும் கொடுத்திருந்தேன். அவர் அந்த எச்சரிக்கை வரியை இன்னொரு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"இன்னா மேடம் இது, அது யாருன்னு அதுக்கே தெரியலியா? எங்க சித்தப்பா சனிக்கிழம சாயங்காலம் இப்டிதான் வூட்டுக்கு வருவாரு."

ரயில் பெட்டி நம்பர்

அதற்கப்புறம் சில வாரம் நிம்மதி. பெண்ணுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினேன். எனக்குப் பின்னத் தெரியும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. பிறகு ஒரு நாள் மதியம், ரெண்டு மணி தாண்டியும் வீட்டுக்குக் கிளம்பாமல் நின்ற வசந்தா கூப்பிட்டாள். ரிப்போர்ட் எதுவும் பிரின்ட் ஆகவில்லையாம். மற்ற இரண்டு மெஷின்களும் ரிப்போர்ட், ரிப்போர்ட் என்று கூப்பிடுகின்றன, பதில் இல்லை.

ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தால், மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேர்தான் வேறு. திரையில் எஸ்-14 என்று இருந்தது! பத்து வருஷம் ரயிலில் போனவள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? பெட்டி நம்பர். ரயிலே என்னைத் தேடிக்கொண்டு லேபுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. மறுபடி ரிப்போர்ட் என்று மாற்றி வைத்தேன், பிரின்டர் கடகடவென்று எல்லாவற்றையும் துப்பியது. "யாராவது மெஷினைத் தொட்டீங்களா?" என்று கேட்டேன். வசந்தா இல்லை என்றாள். ரத்த அறையிலிருந்து தாமோதரனும் இல்லை என்றார். மறுநாளும் ரெண்டு மணிக்கு எஸ்-14. அதற்கு மறுநாளும். நான் மாற்றாமல் விட்டால்கூட, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ரிப்போர்ட் என்றே ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள், பேரை உடனே மாற்றாமல் காரணத்தை நான் தேடிக்கொண்டிருந்தபோது, ஒருவர் மனைவியின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு இருவரும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற வேண்டும். ரயில் போயே போய்விட்டது. அந்த அம்மாள் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வாரத்துக்குள்ள சரியாகணும்மா. இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்" என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. வெளியே வந்தபோது அந்த மனிதர் என்னை நிறுத்தினார்.

"ரத்தம் எடுத்தது ரெண்டு நிமிசம். மெசினு பேரக் கண்டுபுடிக்க ரெண்டு மணி நேரமா மா?"

சந்தேகக் கேஸ்கள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயந்து நடுங்கினாலும், ஏன் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. முதலில் ரௌட்டரைச் சந்தேகப்பட்டேன். சில ரௌட்டர்கள் முகவரி கொடுக்கும்போது கூடவே பேரையும் கொடுக்கும். அந்த வசதியை அடைத்தேன். ரெண்டு மணிக்கு எஸ்-14. மெஷின் எழும்போது பேரைத் தானே திருப்பி எழுதும் நிரல் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன், இல்லை. வைரஸ் என்றார் வீட்டுக்காரர். ரெண்டு மணிக்கு டூட்டிக்கு வந்து பத்து மணிக்குக் கிளம்புகிற வைரஸை நான் கேள்விப்பட்டதில்லை என்றேன்.

இன்னொன்றும் உறுத்தியது. பேரை மாற்றுகிற வைரஸ், ஹோஸ்ட்ஸ் கோப்பையும் ஒழுங்காகத் திருத்தும் அளவுக்கு மெனக்கெடாது. இங்கே இரண்டு இடத்திலும் பேர் மாறியிருந்தது, ஒரு எழுத்துப் பிசகில்லாமல். இவ்வளவு சுத்தமான வேலையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது, பிடிபடவில்லை. வசந்தாவிடம் புலம்பினேன். ரெண்டு மணிக்கு இந்தக் கட்டிடத்தில் அப்படி என்னதான் மாறுகிறது என்று கேட்டேன். அவள் பையை மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"ரெண்டு மணிக்கு இங்க இன்னாக்கா மாறும்? ஷிஃப்ட்டுதான் மாறும்."

சார்ஜ்

மறுநாள் ரெண்டு மணிக்கு முன்னாலேயே போய், ரிப்போர்ட் அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தாமோதரன் வந்தார். கை கழுவினார், வெள்ளைக் கோட்டைப் போட்டார். வசந்தா பாக்கி வேலைகளைச் சொன்னாள்; அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். "சார்ஜ் எடுத்துகினேன், நீ கெளம்பும்மா" என்றார். பிறகு ரிப்போர்ட் மெஷினின் முன் உட்கார்ந்து, நான் கற்றுக்கொடுத்த வரியை நிதானமாக அடித்தார். அப்புறம் இரண்டாவது கோப்பு. அப்புறம் ரீஸ்டார்ட். எழும்போது கோட்டுக்குள்ளிருந்து அடையாள அட்டை வெளியே வந்து ஆடியது. அதில் இருந்தது எஸ்-14.

"தாமோதரண்ணா, தொட்டீங்களான்னு கேட்டேனே!" என்றேன், அழாத குறையாக. அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "இது தொடறது இல்லியே மேடம், சார்ஜ் எடுக்கறது." அவருடைய அப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், தொழிலாளர்களை உள்ளே இறக்கி ஏற்றும் கேஜை ஓட்டியவர். அந்த இன்ஜின் அறை வாசலில் ஒரு பலகை தொங்குமாம், உள்ளே பொறுப்பில் இருப்பவரின் நம்பரோடு. ஷிஃப்ட் மாறி வருகிறவர் முன்னவர் பலகையை இறக்கித் தன்னுடையதை மாட்டிய பிறகுதான் லீவரில் கை வைப்பார். வீட்டில் சோறு போடும்போதுகூட அவர் அப்பா அந்தக் கண்டிப்பைத்தான் பேசுவாராம். இங்கே அவருடைய பேரில் புள்ளி வருகிறது, இடைவெளி வருகிறது. அதனால் நம்பரைப் போட்டார். பத்து மணிக்கு டூட்டி முடிந்ததும் மரியாதையாகப் பழைய பேரை மாட்டிவிட்டுப் போனார். நடுவில் நான் வந்து மாற்றியதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: மேடம் சார்ஜ் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டாராம்.

பிரின்ட் வராததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. ரயிலைத் தவறவிட்ட அம்மாளைப் பற்றித்தான் முதலில் கேட்டார். வாரம் முழுக்க யார் மீதோ வைத்திருந்த கோபம் எனக்குப் போன இடம் தெரியவில்லை. ஆனால் தன் நியாயத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"ரிப்போர்ட்டுன்னு ஒரு அறை பேரு போட்டுகினு கீது. நாளைக்கு ஒருத்தர் ரத்தத்துல தப்பு வந்துட்டா, அறையா மேடம் வந்து பதில் சொல்லும்?"

அலங்காரப் பேர்

அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனேன். அவர் சொல்வது சரி என்றுதான் பட்டது. நான் வைத்த பேர் மெஷின் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. அவர் வைத்த பேர் அதற்கு யார் பொறுப்பு என்று சொல்கிறது. இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே ஆணியில் இரண்டு பலகை தொங்காது. கையேட்டை மறுபடி புரட்டியபோதுதான், இத்தனை வருஷமும் எதற்கு இது என்று நான் தாண்டிப் போன ஒரு வசதி கண்ணில் பட்டது. லினக்ஸில் நிரந்தரப் பேரோடு கூட ஒரு அலங்காரப் பேரும் வைக்கலாம். அதில் இடைவெளி வரலாம், புள்ளி வரலாம், தமிழே வரலாம். எத்தனை முறை மாற்றினாலும் மற்ற மெஷின்கள் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அவை கூப்பிடுவது அந்தப் பேரை அல்ல. மனிதர்கள் பார்ப்பதற்கென்றே ஒரு பேர்! கண்டுபிடித்தவர் எந்தச் சுரங்கத்துக்காரரோ என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் திரையில் 'சார்ஜ்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்திப் பேரை அடித்தால், அது அலங்காரப் பேராகும். திரையின் மேல் தெரியும். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் 'பொறுப்பு' என்று அச்சாகும். ரெண்டு மணிக்கு தாமோதரன் வந்து, 'மு. தாமோதரன்' என்று புள்ளியும் இடைவெளியுமாக அடித்தார். நான் பிரின்டரைப் பார்த்தேன். அது பாட்டுக்கு அச்சடித்துக்கொண்டே இருந்தது. திரையில் தமிழில் நின்ற தன் பேரை அவர் ஒரு முறை வாய்விட்டுப் படித்தார்.

"எங்கப்பாவுக்குக்கூட நம்பர்தான் மேடம் மாட்டுனாங்க. பேரு மாட்டல."

பெங்களூரிலிருந்து ஒரு போன்

மூன்று மாதக் கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. ஒரு சாயங்காலம் டாக்டரின் மேஜைக்குப் பக்கத்தில் நான் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி. ஊரில் இருந்தபடியே அவர்களிடம் வைத்தியம் பார்க்கும் ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவு எங்கள் ரிப்போர்ட்டில் நம்ப முடியாத உயரத்தில் இருக்கிறது, மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, அடியில் பேர் போட்டிருக்கும் தாமோதரனிடம் பேச வேண்டும் என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் லேபில் யாரையும் பேர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தாமோதரன் வந்து போனை வாங்கினார். ரத்தம் ஊசியில் சரியாக வராமல் செல்கள் உடைந்துபோனதாக எனக்கும் சந்தேகம் வந்தது, அதை ரிப்போர்ட்டிலேயே குறித்திருக்கிறேன், மறுபடி எடுத்த ரத்தம் இப்போது மெஷினில் ஓடுகிறது, அது வரும்வரை மருந்து வேண்டாம் என்றார். சற்று நேரத்தில் வந்த அளவு சாதாரணமாக இருந்தது. அவரே கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ரத்த அறைக்குப் போய்விட்டார்.

டாக்டர் அந்த ரிப்போர்ட்டை எடுத்து அடிவரியை இன்னொரு முறை படித்தார். ரயிலா, தலை பின்னுவதா என்று தெரிந்துவிடும் நேரம். அவர் மேஜை டிராயரைத் திறந்து இரண்டு சாவிக்கொத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஒன்று சாம்பியன் ரீப்ஸ், இன்னொன்று பங்காருபேட்டை.

"போய் எல்லா மெஷினுக்கும் பேர் வெச்சிட்டு வாங்கம்மா. ஆனா கம்ப்யூட்டர ஆன் பண்றதுக்கு முன்னாடி, அங்க ஷிஃப்ட்டு எப்படி மாறுதுன்னு ஒரு நாள் உக்காந்து பாத்துட்டு வெய்ங்க."

ஆகவே சக பாவிகளே, எங்கள் ஊரில் ஒரு மெஷின் ஒழுங்காக ஓட வேண்டுமானால் அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒன்று மற்ற மெஷின்கள் கூப்பிடுவதற்கு, இன்னொன்று டாக்டர்கள் கூப்பிட்டுத் திட்டுவதற்கு.